தென்னேரியில் குதித்துக் காமாட்சி சந்நிதியில் கரையேறினோம்

எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்கூட முடியவில்லை, அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, என் வீட்டுக்காரர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு சாக்குத் திரை. திரைக்கு முன்னால் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். பின்னால் நான் இருப்பதை அவர்கள் பாதி நேரம் மறந்துவிடுவார்கள்.

அன்று மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர். இன்னொருவர் எதிர்வரிசைத் தையல்காரர். தெரு இளைஞர் மன்றத்துக்குச் செயலாளரும் அவர்தான். மூன்றாவது என் வீட்டுக்காரர்.

"ஒருத்தன் ஒடம்புல தெம்பு இருக்குதான்னு பாக்கணும்னா ஓட வுட்டுப் பாக்கணும்பா. நான் தெனம் எத்தினி தெரு சுத்தறேன், தெரியுமா?" என்றார் தபால்காரர்.

"நீ சுத்தறது சரி. ஓடி யாரு பாத்தா?" என்றார் தையல்காரர். "பாலாத்துல வெள்ளம் போவச்சொல்ல நான் நீந்தி அக்கரைக்குப் போனவன். தண்ணியிலதான் தெரியும் பலம்."

என் வீட்டுக்காரர் கையில் பிடித்திருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டார். "எதிர்காத்துல வாலாஜாபாத் வரைக்கும் சைக்கிள் மிதிச்சிப் பாருங்க ரெண்டு பேரும். அப்பறம் வந்து பேசுங்க."

அரை மணி நேரம் இதே கதை. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பிப்பார். திரைக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரே ஆளு ஒரே நாள்ல மூணையும் செஞ்சிக் காட்டட்டுமே. அப்பத் தெரிஞ்சிடும் இல்ல?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். முன்னால் தபால்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "யாருபா அது? வூட்லயா?"

"வூட்லதான்," என்றார் இவர், கொஞ்சம் கூச்சத்தோடு.

தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மன்றத்துப் பையன்களைக் கூட்டிப் பேசி, மறுநாள் காலையில் கார்பன் வைத்து எழுதிய நோட்டீசை ஊரெல்லாம் ஒட்டிவிட்டார். தென்னேரி ஏரியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்த வேண்டும். ஏறியதும் சைக்கிளை எடுத்து, வாலாஜாபாத், ஐயம்பேட்டை வழியாகச் சின்ன காஞ்சிபுரம் வர வேண்டும். அங்கே சைக்கிளைப் போட்டுவிட்டு, பெரிய காஞ்சிபுரம் வந்து, ராஜவீதிகளைச் சுற்றிவிட்டு மறுபடி சின்ன காஞ்சிபுரம் ஓடி, திரும்பவும் ஓடிவந்து காமாட்சி சந்நிதித் தெருவில் முடிக்க வேண்டும். நாள், மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த யாவரும் கலந்துகொள்ளலாம்.

முதல் பெயர் என் வீட்டுக்காரருடையது.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"இன்னாங்க, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு நீச்சல் தெரியாது."

நான் அப்போதுதான் ஒரு வாய் ரசஞ்சோறு போட்டிருந்தேன். அது மூக்கு வழியாக வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. அவர் முதலில் முறைத்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த என் மாமியார் ராட்டையை நிறுத்திவிட்டு, "சோத்துக்கு முன்னால இன்னா கூத்து?" என்று குரல் கொடுத்தார்.

நான் பிறந்ததே தென்னேரி. ஏரிக்கரையில் இறங்கினால் எங்கள் நிலம். நடக்கக் கற்றுக்கொண்டதும் தண்ணீரில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வயதில் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மதகிலிருந்து குதித்து அக்கரை போய் வந்திருக்கிறேன். வயசுக்கு வந்ததும் அதெல்லாம் நின்றது. நின்றதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, என் கை கால் எல்லாம் தண்ணீருக்கு ஏங்குவது எனக்கே தெரிந்தது.

"நான் கத்துத் தரேன்," என்றேன். "ஆனா நீங்க எனக்கு சைக்கிள் கத்துத் தரணும்."

"பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?"

"ஆம்பளைக்கு எதுக்கு நீச்சல்?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். ஒப்பந்தம் முடிந்தது.

கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாங்கள் தென்னேரிக்குக் கிளம்பினோம். அவர் மிதிக்க, நான் பின்னால் கேரியரில். புது மாப்பிள்ளை வாராவாரம் மாமனார் வீட்டுக்கு வருகிறாரே என்று என் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. முதல் வாரம் கோழி அடித்தாள். மாப்பிள்ளை அதைச் சாப்பிடாமல் நேரே ஏரிக்குப் போய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நடுங்குகிறார் என்று தெரிந்ததும் கோழியோடு கரைக்கே வந்துவிட்டாள்.

என் அப்பாவும் நான்கைந்து பங்காளிகளும் கரைமேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஆயிற்றே, சிரிக்கக்கூடாது. எல்லாரும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருந்தார்கள். என் தம்பி மட்டும் துண்டை வாயில் திணித்துக்கொண்டு பனைமரத்துக்குப் பின்னால் போய்விட்டான். இவர் இடுப்பில் இரண்டு சுரைக்குடுக்கை கட்டிவிட்டிருந்தோம். குடுக்கைகள் மேலே மிதந்தன. இவர் கீழே போனார்.

"ஒண்ணுமில்ல மாப்ளே," என்று அப்பா கரையிலிருந்து மரியாதையாகச் சொன்னார். "தண்ணிய முழுங்காம பாத்துக்கங்க. கழனிக்கு வேணும்."

மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. தலை உள்ளே போனால் என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். இரண்டு பேருமாகக் கீழே போவோம். நான்காவது வாரம் எனக்கு ஒன்று தோன்றியது. "இதப் பாருங்க. தண்ணிய மறந்துடுங்க. சைக்கிள் மிதிங்க," என்றேன்.

அவர் மிதித்தார். என்ன சொல்ல! அப்படியே நின்றார். கழுத்துக்கு மேல் தண்ணீருக்கு வெளியே, ஆளே மூழ்கும் ஆழத்தில், ஆணி அடித்தாற்போல நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்பா கைதட்டினார்.

"நீந்தறேன்! நீந்தறேன் பாரு!"

"நீந்தறீங்க. ஆனா எங்கயும் போவலயே!"

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். உண்மைதான். ஸ்டாண்டு போட்ட சைக்கிளைப் போல, எவ்வளவு மிதித்தாலும் அதே இடம். அதற்குப்பின் இரண்டு மூன்று வாரம், உடம்பைச் சாய்க்க வைப்பதுதான் என் வேலை. "முன்னால சாஞ்சிக்கங்க. ஹேண்டில்பார்மேல படுக்கற மாதிரி." அந்த ஒரு சொல்தான் அவருக்குப் புரிந்தது. மார்கழி பிறப்பதற்குள், அழகாக இல்லாவிட்டாலும், குடுக்கை இல்லாமல் ஐம்பது பாகம், ஏறக்குறைய நூறு கெஜ தூரம், போக ஆரம்பித்தார். தெரியாத ஒன்றை, தெரிந்த ஒன்றின் பாஷையில் சொன்னால் உடம்பு கேட்டுக்கொள்கிறது என்று நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். பிறகு என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தபோதும் அதையே செய்தேன்.

என் சைக்கிள் பாடம் இப்படி மெதுவாக நடக்கவில்லை.

கடையில் இருந்தவை எல்லாம் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் வண்டி. புடவையோடு ஏற முடியாது. அவர் உடைந்துபோன ஒரு பழைய சைக்கிள் ஃபிரேமை எடுத்து, குறுக்குக் கம்பியை அறுத்து, பற்றவைக்கும் பட்டறையில் கொடுத்துக் கீழே தாழ்வாக ஒட்டவைத்தார். செயினுக்கு மேல் தகரத்தில் மூடி ஒன்று தட்டிப் போட்டார். பச்சைப் பெயின்ட் அடித்தார். யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் செய்திருக்கிறார். திரையை விலக்கிக் காட்டியபோது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பட்டுப்புடவை ஊர் அது. எத்தனையோ பட்டு பார்த்திருக்கிறேன். அந்தப் பச்சை சைக்கிளுக்கு எதுவும் ஈடில்லை.

சாயங்காலம் ஊருக்கு வெளியே மைதானத்தில் கற்றுக்கொடுத்தார். "சக்கரத்தப் பாக்காத. போற எடத்தப் பாரு," என்பார். நான் சக்கரத்தைப் பார்ப்பேன். விழுவேன். முட்டி, முழங்கை, ஒரு தடவை மூக்கு. எட்டாவது நாளோ என்னவோ, அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் மிதித்தேன். பின்னால் பேச்சுக் குரல் கேட்கவில்லையே என்று திரும்பினால், அவர் மைதானத்தின் அந்தக் கோடியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருக்கிறார்!

அந்த நேரத்தில் எனக்கு வந்த கிறுக்கை எப்படிச் சொல்வது? காற்று முகத்தில் அடிக்கிறது. புடவைத் தலைப்பு பின்னால் பறக்கிறது. நான் வாய்விட்டுக் கத்தினேன். மைதானம் போதவில்லை. சாலைக்கு வந்துவிட்டேன். சாலையும் போதவில்லை. ஊருக்குள் நுழைந்து மேற்கு ராஜவீதிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஏறவும் மிதிக்கவும் கற்றுக்கொடுத்தவர் இறங்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்று.

பிரேக்கை அழுத்தினால் விழுவேன் என்று பயம். மெதுவாகப் போனாலும் விழுவேன். அதனால் வேகமாகவே போனேன். கோயிலை ஒரு சுற்று வந்தேன். பூக்கடைக்காரம்மா பார்த்தார். இரண்டாவது சுற்று வந்தேன். பூக்கடைக்காரம்மா எழுந்து நின்றார்.

"எறக்கி வுடுங்கபா! யாராச்சும் எறக்கி வுடுங்க!" என்று கத்தினேன்.

மூன்றாவது சுற்றில் நான்கு பேர் தெருவில் கைகோத்து நின்றார்கள். அதில் ஒருவர் தபால்காரர். அவர் மேலேயே போய் ஏறினேன். கடிதங்கள் பறந்தன. கீழே கிடந்தவர், "யம்மா, நீதானே அந்தத் திரைக்குப் பின்னால பேசினது?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "தெரியும். அன்னைக்கே தெரியும் எனக்கு," என்று கடிதங்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

நீச்சலும் சைக்கிளும் ஆயிற்று. ஓட்டம் இரண்டு பேருக்குமே தெரியாது. ஓடுவதற்கு என்ன தெரிய வேண்டும் என்று நினைத்தோம். முதல் நாள் மார்கழி விடியற்காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, தெருமுனை பம்பைத் தாண்டுவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. அவர் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள், பம்பிலிருந்து அடுத்த விளக்குக் கம்பம்வரை. அதற்கடுத்த நாள் இன்னொரு கம்பம். ஊரையே ஓடிக் கடக்க வேண்டும் என்று நினைத்தால் கால் எழாது. ஒரு கம்பம் என்றால் எழும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, மூச்சுதான் சொன்னது.

மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஓடுகிறார்கள். யாரும் துரத்தவில்லை. வண்டியையும் பிடிக்கப் போகவில்லை. மூன்றாவது நாள் அடுத்த வீட்டுக்காரம்மா என் மாமியாரைக் கேட்டேவிட்டார்.

"இன்னாமா, ஒம் புள்ளையும் மருமவளும் காலைல ஓடிக்கினு இருக்காங்களே, இன்னா விசயம்?"

என் மாமியாருக்கு எங்கள் போட்டிப் பைத்தியம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் வெளி மனுஷர்களிடம் வீட்டை விட்டுக்கொடுக்கவும் பிடிக்காது. ராட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "வேண்டுதல்."

"ஓடறதா வேண்டுதல்?"

"ஆமா. ஓடித்தான் சுத்தணும். நடந்தா பலிக்காது."

ஒரு வாரத்தில் எங்கள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின் தெருவில் நெசவு செய்யும் தெலுங்குக்காரர் வீட்டு அக்கா, மஞ்சள் புடவை, ஈரத்தலை, வேர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறார். "மொக்கு எத்தினி நாள்மா?" என்று கேட்டார். மொக்கு என்றால் அவர்கள் பேச்சில் வேண்டுதல். எனக்குப் புரிவதற்குள் என் வீட்டுக்காரர், "நாப்பத்தெட்டு," என்று சொல்லிவிட்டார். பொய்யில்லை, போட்டிக்கு ஏறத்தாழ அத்தனை நாள்தான் இருந்தது.

மறுநாள் அக்காவோடு அவர் தங்கையும் வந்தார். பிறகு மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், பரீட்சை எழுதப் போகும் இரண்டு மாணவிகள், மூட்டுவலிக்கு ஒரு கணக்குப்பிள்ளை. பொங்கலுக்குள் எங்கள் பின்னால் பதினோரு பேர்! ராஜவீதியில் நாங்கள் திரும்பினால் அந்த வரிசை முழுவதும் திரும்பும். ஒருநாள் தெருவில் ஒரு வீட்டார் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். புடவைக்கான பட்டு இழைகள் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தன. நான் ஓரமாக ஒதுங்கிக் குனிந்து போனேன். பின்னால் வந்த பதினோரு பேரும், ஒதுங்கத் தேவையில்லாத இடத்திலும் அப்படியே ஒதுங்கிக் குனிந்தார்கள். அதுவும் வேண்டுதலில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் ஓடிவிட்டார்.

எனக்கு மட்டும் மனசு உறுத்தியது. ஒருநாள் ஓட்டம் முடிந்து பம்படியில் நிற்கும்போது தெலுங்கு அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். கோபிப்பார் என்று பார்த்தேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்மா," என்றார். "ஒங்க ஊட்டுக்காரரு கடையிலயே நோட்டீசு ஒட்டிகீது. கல்யாணம் ஆயி பதினஞ்சி வருசமா அந்த ஊட்டுக்குள்ள தறி சத்தம் கேட்டுக்கினே இருக்கேன். காலைல இந்த அரை மணி நேரம் வெளிய வர ஒரு சாக்கு வேணும். வேண்டுதல்னா யாரு தடுப்பாங்க? நீ போயி வேற யாருகிட்டயும் இதச் சொல்லி வைக்காத."

அந்தப் பேச்சுதான் என்னை நேரே தையல்காரர் கடைக்கு அனுப்பியது. அதுவரை நான் இவருக்குத் துணையாகத்தான் பழகுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் கொடுக்க வந்திருக்கிறேன் என்றதும் தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இல்லமா, நோட்டீசுல யாவரும்னு போட்டுட்டேன். யாவரும்னா ஆம்பளைங்க யாவரும்னு அர்த்தம்."

"அப்படி எழுதலையே?"

"எழுத எடம் பத்தல."

மன்றத்தார் கூடிப் பேசினார்கள். ஒரு முடிவும் வரவில்லை. கடைசியில் அவர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து என் மாமியாரிடம் முறையிட்டார்கள்: பெரியவங்க நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க என்று. நான் திரைக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் எனக்காகப் பேசுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"வேண்டுதல பாதியில நிறுத்தினா சாமி குத்தம்," என்றார் மாமியார். "ஒங்க மன்றத்துக்கு ஆவுமா அது? போட்டி நல்லபடியா நடக்கணுமா வேணாமா?"

என் பெயர் கடைசியில் எழுதப்பட்டது. அவர்கள் போனதும் மாமியாரைக் கட்டிக்கொள்ளப் போனேன். "தள்ளு, தள்ளு. நூலு அறுந்துடும்," என்றார்.

போட்டியன்று ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். கடலை வண்டிகூட வந்திருந்தது. பதினாலு பேர் பெயர் கொடுத்திருந்தோம். தையல்காரர் தண்ணீரைப் பார்த்துவிட்டு, செயலாளர் கலந்துகொள்வது முறையில்லை என்று தன் பெயரை அடித்துவிட்டார். பாலாற்று வெள்ளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் பழைய நூல் புடவையைக் கச்சமாக இழுத்துக் கட்டி, மேலே தம்பியின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். வாழைமரத் தெப்பங்களில் ஊர்ப் பையன்கள் ஆங்காங்கே காவலுக்கு நின்றார்கள். என் அம்மா என்னைப் பார்க்கவே வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா அருகில் வந்து, "மதகுப் பக்கம் இழுக்கும். கெழக்கால ஒதுங்கிப் போ," என்று மட்டும் சொன்னார்.

விசில் ஊதினார்கள். குதித்தேன்.

அந்தத் தண்ணீர்! எத்தனை வருஷம் ஆயிற்று, முழு ஏரியும் எனக்கு முன்னால் விரிந்து கிடந்து. முதல் கொஞ்ச தூரம் பக்கத்தில் கை கால்கள் அடித்தன. பிறகு யாரும் இல்லை. நான் மட்டும். நடு ஏரியில் ஒரு நிமிஷம் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தேன். கூட்டத்துக்கெல்லாம் பின்னால், ஒரு தெப்பத்துக்குப் பக்கத்தில், ஒரு தலை நேராக நின்றது. பயத்தில் சாய மறந்துபோய் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போகலாமா? நான்தானே கற்றுக்கொடுத்தேன்?

"இன்னா பாத்துக்கினு நிக்கற?" என்று தண்ணீருக்கு மேல் அவர் குரல் வந்தது. "போ! போய்க்கினே இரு!"

"சாஞ்சிக்கங்க!" என்று கத்தினேன். "ஹேண்டில்பாரு!"

அந்தத் தலை மெல்லச் சாய்ந்தது. நகர்ந்தது. நான் முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

அக்கரையில் முதலில் ஏறியது நான்தான். என் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் கத்தியது. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அம்மா, கரையைச் சுற்றி வண்டியில் எனக்கு முன்னாலேயே வந்து, இப்போது ஒரு புடவையைப் பிரித்துத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சீக்கிரம் மாத்து! சீக்கிரம்! எவனோ வரான்!" ஈரத்தை மாற்றிப் பச்சை சைக்கிளில் ஏறியபோது அவள் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள். அந்த ஒரு தள்ளிலேயே ஏரிக்கரை முழுவதும் வந்துவிட்டேன்.

அரை மணி நேரம் நான் முதலிடத்தில் இருந்தேன். வாலாஜாபாத்துக்கு முன்னால் ஒரு மெலிந்த மனிதர் என்னைத் தாண்டினார். செங்கல் சூளையில் வேலை செய்பவர் என்று பிறகு தெரிந்தது. எங்கள் கடையிலேயே மிக மட்டமான ஏழாம் நம்பர் வாடகை வண்டியை மிதித்துக்கொண்டு போனார். பிறகு ஒவ்வொருவராக. எதிர்காற்று வேறு. ஐயம்பேட்டை அருகே பின்னால் மணிச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த மணி. தண்ணீரிலிருந்து கடைசியாக ஏறியவர் ஏழு பேரைத் தாண்டிவிட்டு, தலை கலைந்து, காதில் பாசியோடு வந்து என் பக்கத்தில் நிதானமாக ஓட்டினார்.

"செத்துடுவேன்னு நெனச்சியா?" என்றார்.

"ஆமா."

"நானும்தான்." இரண்டு பேருக்கும் சிரிப்பு. மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கவும் செய்தால் சைக்கிள் எப்படி நேராகப் போகும்? பக்கத்தில் வந்த மாட்டு வண்டிக்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

"இங்க எதுக்கு ஓட்டிக்கினு இருக்கீங்க? போங்க," என்றேன். "எனக்காக நின்னீங்கன்னா நான் எறங்கிடுவேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஹேண்டில்பாரின்மேல் படுத்தார். போய்விட்டார்.

ஓட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் சைக்கிளைப் போட்டு இறங்கியபோது கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. வெயில் ஏறிவிட்டது. தார் சுட்டது. ஒரு கம்பம், இன்னொரு கம்பம். நெசவுத் தெருவில் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். யாரோ ஒரு அம்மாள் கேட்காமலேயே ஒரு சொம்புத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார். இரண்டாவது முறை பெரிய காஞ்சிபுரத்தை நோக்கித் திரும்பும்போது கணுக்காலில் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். போதும் என்று தோன்றியது. இதுவரை வந்ததே பெரிது. யார் கேட்கப் போகிறார்கள்?

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. ஒருவருடையதல்ல. தெலுங்கு அக்கா, தங்கை, மாணவிகள், மூட்டுவலிக் கணக்குப்பிள்ளை, எல்லாரும். அவர்கள் எனக்காக வந்தார்களா, அன்றைய வேண்டுதல் பாக்கிக்கு வந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா குனிந்து என் கணுக்காலை நீவி இழுத்துவிட்டார். "எழுந்திருமா. எனக்கு அடுப்புல கொழம்பு கொதிக்குது. சீக்கிரம் போவணும்," என்றார்.

எழுந்தேன். எல்லாருமாக ஓடினோம். அந்தக் கடைசி ஒரு மைல் தூரத்தில் எனக்கு வலி போகவில்லை. ஆனால் வலிக்கு மேல் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கணக்குப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய், மாட்டையும் ஜட்காவையும் விரட்டி வழிவிட வைத்தார்.

சந்நிதித் தெருவில் நான் போய்ச் சேர்ந்தபோது பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் மூங்கிலோடு அப்படியே நின்றார்கள். பெயர் கொடுத்த பதினாலு பேரில் ஓடி முடித்தது எட்டுப் பேர். நான் ஏழாவது. எட்டாவதாக வந்த தபால்காரர், எனக்கும் பின்னால் ஒரு மணி நேரம் கழித்து நடந்தே வந்து சேர்ந்தார். முதல் பரிசு செங்கல் சூளைக்காரருக்கு. அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஏழாம் நம்பர் வண்டியை ஒழுங்காகக் கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனாராம்.

என் வீட்டுக்காரர் எங்கே? தேடினேன். நான்காவதாக வந்தவர், எனக்காகக் காத்திருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, கோயில் மதில் நிழலில் உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் மாலை. பக்கத்தில் ஒரு ஆடு அந்த மாலையில் பாதியைத் தின்றிருந்தது. காலால் தட்டி எழுப்பினேன்.

"வந்துட்டியா?" என்று கண்ணைக் கசக்கினார். "நம்ம கடை வண்டிதான் ஃபர்ஸ்ட், தெரியுமா? ஏழாம் நம்பரு!"

நான் ஓடி முடித்ததை அவர் பார்க்கவில்லை. எனக்கு அது ஒரு நிமிஷம் வருத்தமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு யோசித்தால், அதை நான் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை என்று தெரிந்தது. தெரிந்ததும் வருத்தம் போய்விட்டது. ஆட்டை விரட்டிவிட்டு அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை இரண்டு பேராலும் பாயிலிருந்து எழ முடியவில்லை. அவர் முழங்கையை ஊன்றினால் நான் கத்துவேன். நான் காலை மடக்கினால் அவர் கத்துவார். வாசலில் வாடகைக்கு வந்தவர்கள் "அண்ணே, அண்ணே" என்று கதவைத் தட்டினார்கள். அவர் தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை எட்டிப் பார்த்தார், எட்டவில்லை. என்னைக் கூப்பிட்டார். நானும் தவழ்ந்து போனேன். இரண்டு பேருமாகக் கதவுக்குக் கீழே உட்கார்ந்து, யார் முதலில் எழுவது என்று பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். மாமியார் வந்து எங்கள் தலைக்கு மேல் கையை நீட்டித் தாழ்ப்பாளைத் திறந்தார். வெளியே நின்றவர்களிடம், "சாவி ஆணியில தொங்குது, வண்டிய நீங்களே எடுத்துக்கங்கபா," என்றார். எங்களைத் தாண்டிப் போய் வெந்நீர் அடுப்பை மூட்டினார்.